ஒரு சுருட்டைத் தலைக்குச் சாட்சி

சிவலட்சுமியக்காவின் வளவுக்கும் எங்கள் வளவுக்கும் நடுவில் ஒரு தென்னோலைக் கிடுகு வேலிதான். கிடுகு உக்கி, ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்து கனகாலம். அடுத்த வீட்டுச் சங்கதியில் நான் மூக்கை நுழைக்கிறேன் என்று சொல்லித் திரிபவர்கள் ஸ்கந்தபுரத்தில் உண்டு. நான் நுழைக்கவில்லை. சங்கதிதான் வேலியால் நுழைந்து என் கிணற்றடிக்கு வந்தது. அதன் பெயர் அருந்ததி.

அவள் சிவலட்சுமியக்காவின் ஒரே மருமகள். கலியாணம் முடிந்து இங்கே வந்து ஆறேழு மாதம் இருக்கும். ஒரு நாள் மாமியார் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, தோளில் துவாயோடு வேலி ஓட்டையடியில் நின்று, உங்கள் கிணற்றில் முழுகலாமா என்று கேட்டாள். அவர்கள் வளவில் என்னுடையதை விட நல்ல கிணறு இருக்கிறது. இருந்தாலும் வீட்டுக்கு வந்த புதுப் பெண் கேட்கிறாள், என்ன காரணமோ என்று விட்டுவிட்டேன். இரண்டு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றினாள். அதுவரை முதுகில் கயிறு மாதிரி நேராகக் கிடந்த மயிர், மண்டையடியில் நாலு விரல் அளவுக்கு எழும்பிச் சுருண்டுகொண்டது. மிச்சம் நேராகவே தொங்கியது. ஒரு தலையில் இரண்டு பேரின் மயிர் முளைத்த மாதிரி இருந்தது. நான் பார்த்துவிட்டதை அவளும் பார்த்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, மாமிக்குச் சொல்லிப்போடாதேங்கோ," என்றாள்.

களவெடுத்துப் பிடிபட்டவள் கூட அப்படிக் கெஞ்சமாட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. கடவுள் கொடுத்த தலையை மறைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக் கிணற்றில் ஒளித்து முழுகும் அளவுக்கு ஒரு பெண்ணை யார் பயப்படுத்தி வைத்தது? அவளைக் கல்லில் இருத்தி முழுக் கதையையும் கேட்டேன்.

அருந்ததி தண்ணீரூற்று என்ற ஊரில் வளர்ந்தவள். அவளுடைய தாய்வழிச் சனம் மலையகத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். தாயும் தகப்பனும் கடைசிச் சண்டையில் போய்விட்டார்கள். வீட்டோடு படங்களும் போய்விட்டன. தாயின் தங்கை மீனம்மாதான் கூலி வேலை செய்து வளர்த்தாள். தாயின் முகம் அருந்ததிக்குச் சரியாக ஞாபகம் இல்லை. உன் தலை அப்படியே உன் அம்மாவின் தலை என்று மீனம்மா சொல்வது மட்டும் தெரியும்.

அந்தத் தலையோ லேசில் படியாது. பள்ளிக்கூடத்தில் இரட்டைப் பின்னல் போட்டு ரிபன் கட்டி அனுப்பினால், இரண்டாம் பாடத்துக்குள் பின்னலை விட்டுப் பாதி மயிர் வெளியே நிற்கும். பிள்ளைகள் குருவிக்கூடு என்று கூப்பிட்டார்கள். சுருட்டைத் தலை சோறு போடும் என்று ஒரு பழமொழி இருக்கிறது. அதைச் சொல்லிக்கொண்டு பெண் கேட்டு வந்தவர் எவரையும் நான் இந்த வயது வரை காணவில்லை.

சிவலட்சுமியக்காவின் ஆட்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து குளத்துக் குடியேற்றத் திட்டத்துக்கு வந்து, வயல் எடுத்து, நிலைத்து நின்றவர்கள். அப்படி ஒரு இடத்தில் இருந்து சம்பந்தம் வந்ததும் மீனம்மாவுக்குச் சந்தோஷத்தை விடப் பயம்தான் கூட. தோட்டக்காட்டுச் சனம் என்று ஏற்கெனவே ஒரு படி கீழே வைத்துத்தான் பார்ப்பார்கள், தலையும் இப்படி நின்றால் வந்த வாசலாலேயே திரும்பிவிடுவார்கள் என்று நினைத்தாள். பெண் பார்க்க வருவதற்கு முதல் கிழமை அருந்ததியைக் கிளிநொச்சிக்குக் கூட்டிப்போய் ஒரு பியூட்டி பார்லரில் இருத்தினாள். காலையில் இருந்தவள் பின்னேரம்தான் எழும்பினாள். மருந்து மணத்தில் கண்ணால் ஓடிய தண்ணீர் நிற்கவில்லையாம். நெற்றியோரம் வெந்து சிவந்ததைப் பவுடர் போட்டு மறைத்தார்கள்.

சிவலட்சுமியக்கா பெண் பார்க்க வந்து, பக்கத்தில் இருத்தி, பின்னலை நுனி வரை வழித்துப் பார்த்தார். பட்டு மாதிரி இருக்கிறது என்று மகனைப் பார்த்துச் சிரித்தார். அந்த ஒரு சொல்லோடு அருந்ததி மாட்டிக்கொண்டாள்.

மருந்து போட்ட மயிர்தான் நேராக நிற்குமே தவிர, மண்டையில் இருந்து புதிதாக வருவது சுருண்டுதான் வரும். அது மண்டைக்குத் தெரிந்த ஒரே பாஷை. வருஷத்துக்கு ஒரு தரம், முகத்துக்குப் பூசப் போகிறேன் என்று சொல்லிக் கிளிநொச்சிக்குப் போவாள். இடையில் வளர்வதை, மாமியார் விடியப்புறம் சுவாமி அறையில் தேவாரம் பாடும் நேரத்தில், அறைக்குள் கதவைச் சாத்தி மின்சார அயன் வைத்து இழுப்பாள். அந்த அயனை அலுமாரிக்குள் கூறைச் சேலை மடிப்பில் ஒளித்து வைத்திருந்தாள். மழை நாளில் வெளியே போகமாட்டாள். வெயிலில் வேர்த்தாலும் பயம். புருஷன் கிருசாந்தன் கலியாணம் முடிந்த கையோடு கட்டாருக்கு ட்ரைவர் வேலைக்குத் திரும்பிவிட்டான். பிறகு லீவில் வந்து நின்ற நாட்களில், அவன் எழும்ப முதல் எழும்பித் தலை இழுத்து முடிப்பதே அவளுக்குப் பெரிய வேலையாக இருந்தது. ஆம்பிளைகளுக்கு உதெல்லாம் எங்கே கண்ணில் படுகிறது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய், ஒரு நாள் சோறு தீரும், இன்றைக்கே சொல்லிவிடு என்று நான் எத்தனையோ தரம் சொன்னேன். அவளிடம் ஒரே பதில்தான். முதல் நாளே சொல்லியிருந்தால் அது மயிர், இனிச் சொன்னால் அது ஏமாற்று.

கிருசாந்தன் லீவு முடிந்து திரும்பிப் போன பிறகு பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. யதுர்ஷிகா என்று பெயர் வைத்தார்கள், கூப்பிடுவது யது. பிறந்த முப்பத்தொன்றாம் நாள் எல்லா வீட்டிலும் போல மொட்டை போட்டார்கள். பிறகு முளைத்த மயிர் கொஞ்ச நாள் பூனை மயிர் மாதிரி கிடந்தது. முதலாவது பிறந்தநாள் வருவதற்குள் வட்டம் வட்டமாகச் சுருண்டு காதை மூடியது. அப்படி வடிவு. எனக்குத் தூக்கிக் கொஞ்சாமல் இருக்க முடியாது.

சிவலட்சுமியக்கா கொஞ்சவில்லை. பேத்தியின் தலையைப் பார்ப்பார், சுவரில் தொங்கும் புருஷனின் படத்தைப் பார்ப்பார். எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு தலை இல்லையே என்று முதலில் தனக்குள் சொன்னார், பிறகு என் காதுபடச் சொன்னார். மொட்டை அடிக்க அடிக்க மயிர் நேராக வரும் என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. அதனால் இரண்டாவது மொட்டை போட்டார். அது ஆறாறு மாதத்துக்கு ஒன்றாக வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு தரமும் வந்தது சுருட்டைதான்.

ஊரில் எல்லோருடைய வயலையும் உழுகிறவன் ஜனகன். உழவு மெசின் வைத்திருக்கிறான். பாவம், அவனுக்கும் சுருட்டைத் தலை. அவன் செய்த குற்றம் அவ்வளவுதான். சிவலட்சுமியக்காவின் வயலையும் அவன்தான் உழுதான், வயலுக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோனது அருந்ததி. புருஷன் கடல் தாண்டி இருக்கிறான், பிள்ளைக்கு வீட்டில் ஒருவருக்கும் இல்லாத தலை. ஊருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது. கலியாணத்தில் ஐயர் வானத்தைக் காட்டி அருந்ததி பார் என்று சொல்கிற பெயரை வைத்துக்கொண்டு, இந்தப் பெண் அந்தக் கதையைக் கேட்க வேண்டி வந்தது.

கூட்டுறவுச் சங்கக் கடையில் ஒருத்தி என் முன்னாலேயே அதைச் சொல்லிச் சிரித்தாள். உன் வீட்டில் இருக்கிற தலைகளை முதலில் எண்ணிப் பார் என்று நான் சொன்னதில் அவள் இன்றைக்கும் என்னோடு கதைப்பதில்லை. உண்மையைப் போட்டு உடைத்துவிட்டு வந்திருப்பேன். ஆனால் அருந்ததி பிள்ளையின் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

அவள் நின்ற இடம் அப்படி. சொன்னால் அவள் பொய்க்காரி. சொல்லாவிட்டால் கெட்டவள். இரண்டில் எதை எடுத்தாலும் அந்த வீட்டில் இருக்க முடியாது, அந்த வீட்டை விட்டால் போவதற்கு இடமும் இல்லை. மீனம்மாவும் பிள்ளை பிறந்த வருஷம் செத்துப்போனாள். அருந்ததிக்குச் சுருட்டைத் தலை இருந்தது, அது அவளுடைய அம்மாவின் தலை என்று சொல்ல இருந்த ஒரே வாயும் மண்ணுக்குப் போய்விட்டது. இரவில் மூச்சு முட்டுகிறது அக்கா, எழும்பி முற்றத்தில் நின்றாலும் முட்டுகிறது என்று ஒரு நாள் சொன்னாள். 

ஆனால் அவளை அசைத்தது ஊர்க் கதை அல்ல, யது. மொட்டைத் தலையில் வெயில் சுட்டு, கத்தி பட்ட இடம் பொருக்கு விட்டு, பிள்ளை எந்த நேரமும் தலையைச் சொறிந்துகொண்டிருக்கும். பஸ்ஸில் கொண்டக்டர், ஆம்பிளைப் பிள்ளை என்று நினைத்து, தம்பி தள்ளி நில் என்பான். முன்பள்ளியில் மற்றப் பெண் பிள்ளைகள் எல்லாம் கிளிப் குத்திக்கொண்டு வருவார்கள். இது ஒரு நாள் யாரோ கொடுத்த சிவப்புக் கிளிப்பைக் குத்த மயிர் இல்லாமல் காது மடலில் கவ்வ வைத்துக்கொண்டு வந்தது. காது கன்றிப் போயிருந்தது. வலிக்கவில்லையா என்று கேட்டால் இல்லை என்கிறது. அருந்ததி அந்தக் கிளிப்பைக் கழற்றிவிட்டு என் குசினி வாசலில் இருந்து அழுதாள்.

அதற்குப் பிறகுதான் அவள் பார்லருக்குப் போவதை நிறுத்தினாள். அயனையும் தொடவில்லை. எண்ணெய் வைத்து இறுக்கிக் கொண்டை போட்டு, தலையிடி என்று சொல்லித் துணி கட்டிக்கொள்வாள். தலைக்குள் ஒரு வருஷத்துக்கு மேல் சுருட்டை வளர்ந்தது. கிழமைக்கு ஒரு நாள், மாமியார் கோயிலுக்குப் போகும் நேரத்தில், என் கிணற்றடிக்கு வருவாள். அந்தத் தலையை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியாது. சின்ன வயதில் இருந்து அதை அடக்கத்தான் எல்லோரும் சொல்லிக் கொடுத்தார்களே தவிர, வளர்க்க ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. போனில் எங்கோ ஒரு தேசத்துக் கறுப்புப் பெண் தன் சுருட்டைத் தலையைப் பராமரிப்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகினாள். அந்தப் பெண் பேசுவது விளங்காது. கை செய்வது விளங்கும்தானே.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் கல்சியம். கேத்திலில் வெள்ளைப் பொருக்குப் பிடிக்கிற தண்ணீர் மயிரை என்ன பாடு படுத்தும்? தும்பு மாதிரி ஆக்கிவிடும். ஆகவே கிணற்றில் முழுகி முடித்து, கூரைப் பீலியால் வந்த மழைத் தண்ணீரைக் கடைசியாக ஊற்றுவாள். மழை இல்லாத மாதத்தில் குடிக்க வாங்கி வைத்த வடிகட்டின தண்ணீரில் ஒரு போத்தல் கொண்டு வருவாள். தண்ணீர் இப்படி முடிகிறதே என்று சிவலட்சுமியக்கா அந்தப் பக்கம் புறுபுறுப்பது எனக்குக் கேட்கும்.

செவ்வரத்தை, அதுதான் செம்பருத்தி, அதன் இலையைப் பறித்துக் கழுவி, தண்ணீரில் போட்டுக் கையால் கசக்கினால் கொழகொழவென்று வரும். அதைப் பழைய வேட்டித் துண்டில் வடித்து ஈரத் தலையில் பூசுவாள். கட்டித் தேங்காய்ப்பாலில் கொஞ்சம் கற்றாழைச் சோறு அடித்து நுனி மயிருக்குத் தடவுவாள். சீப்பு வைக்கமாட்டாள். நுனியில் தொடங்கி, விரலாலேயே சிக்கு எடுத்துக்கொண்டு மேலே போவாள். நான் பிறந்து இவ்வளவு காலத்தில் சீப்பில்லாமல் தலை இழுத்தவளைப் பார்த்ததில்லை, இதென்ன கூத்து என்று கேட்டேன். காய்ந்த பிறகு சீப்பு வைத்தால் சுருள் உடைந்து பஞ்சாகப் பறக்கும், ஈரத்தில் கையாலே செய்யவேண்டும் என்றாள். பிறகு குனிந்து, தலையைக் கவிழ்த்து, கொத்துக் கொத்தாக உள்ளங்கையில் எடுத்து மண்டையை நோக்கிக் கசக்கி விடுவாள். துவாய் பட்டால் சொரசொரக்கும் என்று புருஷன் விட்டுப்போன பழைய பருத்தி ரீசேட்டால் ஒற்றுவாள். ஒற்றிவிட்டால் கை வைக்கக்கூடாது, அதுவாகக் காய வேண்டும்.

காய்வதுதான் பெரும் பாடு. எங்களுக்குள் பெண் தலையை விரித்துக்கொண்டு நிற்பது செத்த வீட்டில்தான். விளக்கு வைக்கும் நேரம் விரித்திருந்தால் மூதேவி வருவாள் என்பார்கள். அவளுடைய தலையோ கட்டினால் சுருள் அமுங்கிவிடும், விரித்துத்தான் காய வேண்டும். என் குசினிக்குப் பின்னால், விறகு அடுக்கி இருக்கும் மூலையில், கோழிகளோடு கோழியாகக் குந்தியிருந்து தலை காய வைப்பாள். வேலிப் பக்கம் சத்தம் கேட்டால் துணியை இழுத்துப் போர்த்துவாள். மாமியார் வரும் நேரத்துக்கு, ஆசையாகச் செய்த எல்லாவற்றையும் எண்ணெய் போட்டு அமுக்கிக் கொண்டை முடிந்துகொண்டு போய்விடுவாள். அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் அவளுக்கு அவளுடைய தலை. கண்ணாடி கூடக் கேட்கமாட்டாள், கையால் தடவிப் பார்த்துக்கொள்வாள்.

போன ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை யதுவுக்கு மொட்டை என்று சிவலட்சுமியக்கா சொல்லிவிட்டார். அந்தத் தரம் பிள்ளைக்கு விளங்கும் வயது. ஞாயிறு காலையில் சந்திச் சலூன்காரர் சைக்கிளில் வந்து இறங்குவதைக் கண்டதும் வேலி ஓட்டையால் ஓடி வந்து என் குசினி வாங்குப் பலகைக்குக் கீழே புகுந்துகொண்டது. அழவில்லை. இரண்டு கையையும் தலையில் வைத்து அமுக்கிக்கொண்டு இருந்தது. விரல் நீளத்துக்குத்தான் மயிர் வளர்ந்திருந்தது.

பின்னால் அருந்ததி வந்தாள். வாங்குக்குக் கீழே குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து என்னிடம் கத்தரிக்கோல் கேட்டாள்.

எனக்கு விளங்கிவிட்டது. மயிரைக் கட்டி மலையை இழு, வந்தால் மலை, போனால் மயிர் என்று ஒரு துணிவுக்குச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கொண்டையை அவிழ்த்து, மருந்து போட்ட நேர் மயிர் எங்கே தொடங்குகிறது என்று விரலால் தடவிப் பார்த்து, அந்த இடத்தில் வெட்டினாள். கொத்துக் கொத்தாக நிலத்தில் விழுந்தது. புருஷன் உயிரோடு இருக்கும் பெண் முதுகு நிறைந்த மயிரை வெட்டுவதை நான் அதற்கு முதல் கண்டதில்லை. மிச்சம் தோளுக்கு மேலே நின்றது. கிணற்றடிக்குப் போய் நனைத்து, செவ்வரத்தைச் சாற்றைப் பூசி, கசக்கி விட்டாள். வழக்கமாகச் செய்வதை ஒன்றும் விடாமல் செய்தாள். யதுவை இடுப்பில் தூக்கிக்கொண்டு வேலியால் நுழைந்தாள். நானும் பின்னால் போனேன். நான் போகாமல் விடுவேனா?

முற்றத்தில் சலூன்காரர் துணி விரித்து, கத்தி தீட்டி, ஆயத்தமாக இருந்தார். சிவலட்சுமியக்கா மருமகளைக் கண்டதும் கையில் இருந்த செம்பை வைத்துவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். மகனுக்கு ஏதோ நடந்துவிட்டது என்றுதான் அவருக்கு முதலில் பட்டிருக்கிறது.

"மாமி, இது நான் பிறந்த தலை," என்றாள் அருந்ததி. "முந்தி நீங்கள் பாத்தது மருந்து போட்டு நேராக்கின தலை. பிள்ளைக்கு இது என்னட்டையிருந்துதான் வந்தது. இனி அவளின்ர தலையில கத்தி வையாதேங்கோ."

சிவலட்சுமியக்கா எழும்பி வந்து, மருமகளின் நெற்றிக்கு மேலே கிடந்த ஒரு சுருளைப் பிடித்து இழுத்தார். அது நீண்டு, விட்டதும் திரும்பச் சுருண்டது. இன்னொன்றை இழுத்தார். கையில் பட்ட ஈரத்தைப் பார்த்தார், பேத்தியின் தலையைப் பார்த்தார். சலூன்காரரைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். அந்த மனிசன் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு போய் ஒரு மணித்தியாலத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அதற்காகவே அவருக்கு ஒரு தேத்தண்ணீர் கொடுத்திருக்கலாம்.

ஏன் மறைத்தாய் என்று திட்டப் போகிறார் என்று நான் பதிலுக்கு ஆயத்தமாக நின்றேன். சிவலட்சுமியக்கா திட்டவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு, "நான் அவனுக்குச் சொல்லிப்போட்டன் பிள்ளை," என்றார்.

இரண்டு வருஷத்துக்கு முந்தியே சொல்லியிருக்கிறார். பிள்ளையின் தலை எங்களுடையது மாதிரி இல்லை, ஊரில் இப்படி ஒரு கதை இருக்கிறது என்று மகனிடம் சொல்லிவிட்டார். கொன்ட்ராக்ட் நீடித்துவிட்டது, லீவு கிடைக்கவில்லை என்று கிருசாந்தன் வராமல் இருந்ததற்குக் காரணம் அதுதான். மயிர் நேராக வந்துவிட்டால் மகனின் மனமும் ஊர் வாயும் மாறும் என்றுதான் கிழவி ஆறாறு மாதம் பிள்ளையை மொட்டை அடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். குடும்பத்தைக் காப்பாற்றச் செய்த வேலையாம். என்னத்தைச் சொல்ல. அருந்ததி பிள்ளையை இறக்கிவிட்டு, குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். போனில் புருஷனின் குரல் சுருங்கிப் போனதற்குத் தன்னில் என்ன குறை என்று இரண்டு வருஷம் யோசித்தவள் அவள்.

பின்னேரம் சிவலட்சுமியக்காவே மகனுக்கு வீடியோ கோல் எடுத்தார். என்னையும் இருக்கச் சொன்னார், சாட்சிக்கு. அருந்ததியையும் யதுவையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்திப் போனைப் பிடித்தார். கிருசாந்தன் வாகனத்துக்குள் இருந்தான். பார்த்தான். பிள்ளையைக் கிட்டக் காட்டச் சொன்னான், பிறகு அவளைக் கிட்டக் காட்டச் சொன்னான். கண்ணைத் துடைத்தான், அதை நான் பொய் சொல்லமாட்டேன். பிறகு, "ஏன் உதை எனக்கு முதலே சொல்லேல்லை?" என்றான். அவள் பயம் என்றாள். அவன், "வேறை என்னத்தை மறைச்சனீர்?" என்றான்.

அந்தக் கேள்விக்கு எந்தப் பெண்ணால் பதில் சொல்ல முடியும்? ஒன்றும் இல்லை என்றால் அதையும்தானே நம்பவேண்டும்.

அடுத்தடுத்த நாட்களில் அவன் இளகிவிட்டான். யதுவோடு நிறையக் கதைத்தான். மார்கழியில் வருகிறேன் என்றான். ஒரேயொரு காரியம்தான் கேட்டான். தான் கட்டும்போது இருந்த மாதிரித் தலையை ஆக்கி வைக்கச் சொன்னான். தான் தெரிந்து கட்டின பெண் அவள்தானாம், புதிதாக ஒருத்தியைப் பழகத் தன்னால் முடியாதாம். அதட்டிச் சொல்லவில்லை, இரந்து சொன்னான். அதட்டியிருந்தால் அவளுக்கு வழி இருந்திருக்கும்.

சிவலட்சுமியக்கா இப்போது பேத்தியின் தலையில் கத்தி வைப்பதில்லை. தானே செவ்வரத்தை இலை கசக்கிப் பூசுகிறார், முற்றத்தில் இருத்திக் காய விடுகிறார். கேட்பவர்களுக்கு, தாயின் தலை என்று சொல்கிறார். யதுவின் சுருள் திரும்பக் காதை மூட வந்துவிட்டது. அதே சிவலட்சுமியக்காதான் மருமகளிடம், இத்தனை காலத்துக்குப் பிறகு வருகிறான், அவன் கேட்கிற ஒன்றைச் செய் பிள்ளை, அவன் போன பிறகு உன் விருப்பம் என்கிறார். அவர் அதை அன்பாகத்தான் சொல்கிறார்.

வரட்டும், வந்து உள்ளதைப் பார்க்கட்டும், பிடிக்காவிட்டால் கட்டாருக்கே திரும்பட்டும் என்று நான் சொன்னேன். எனக்கென்ன, சொல்லிவிட்டு என் வீட்டுக்குள் போகலாம்.

"எனக்கு அவரில விருப்பம் அக்கா," என்றாள் அருந்ததி. "அதுதான் கரைச்சல்."

இந்தக் கிழமை பார்லருக்கு நாள் எடுத்தாயிற்று. இன்று காலை, கிளிநொச்சி பஸ்ஸுக்காக அவள் கைப்பையோடு வாசல் படலையடியில் நின்றாள். முழுகிக் காய்ந்த தலை, கட்டவில்லை. கடைசித் தரம் என்று விரித்து விட்டிருந்தாள் போல. நான் என் படலையில் நின்றேன். யது உள்ளே இருந்து ஓடி வந்து சேலையைப் பிடித்துக்கொண்டு, எங்கே போகிறீர்கள் என்று கேட்டது. தலை செய்யப் போகிறேன் என்றாள் தாய்.

"ஏன் அம்மா, உங்கட தலைக்கு என்ன பிழை?" என்று கேட்டது பிள்ளை.

பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் வாறீங்களோ என்று கேட்டான். அருந்ததி பிள்ளையைப் பார்த்தபடியே நின்றாள், ஏறவும் இல்லை, இல்லை என்று சொல்லவும் இல்லை. அவன் பார்த்துவிட்டு மணியை அடித்தான். அந்தப் பஸ் போய்விட்டது. கிளிநொச்சிக்கு அடுத்த பஸ் மத்தியானம் இருக்கிறது. அவள் இன்னும் படலையடியில்தான் நிற்கிறாள்.